வெளிநாட்டு ஊழியப் பயிற்சிக்குச் செல்லும் வாலிபருக்கு: கம்போடியாவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் கல்லூரித் தேர்வுகள் முடிந்த கையோடு, மூன்று மாதமோ ஆறு மாதமோ வெளிநாட்டில் ஊழியப் பயிற்சி பெற விரும்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாராவது ஒரு வாலிபனோ இளம்பெண்ணோ எங்கள் சபையின் மிஷனெரிக் குழுவின் முன்னால் வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை ஓர் இடத்தில் எழுதி வைக்கும் முயற்சி இது. எல்லா நாட்டுக்கும் பொருந்தும்படி பொதுவாக எழுதினால் எந்த நாட்டுக்கும் பயன்படாமல் போகும் என்பதால், எங்கள் பிள்ளைகளில் பலர் சென்றுவந்த கம்போடியாவை எடுத்துக்கொண்டேன்.

தொடங்குமுன் ஒரு பழைய செய்தி. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்தவரும், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவருமான வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசினார். மேல்நாட்டு மிஷனெரிகள் தங்கள் உடைமைகளையும் உயிரையும்கூடக் கொடுத்திருக்கிறார்கள்; ஆயினும் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்கிறோம் என்பதே அவர் பேச்சின் சாரம். அன்று மேசையின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் நாம். இன்று நம் பிள்ளைகள் விமானம் ஏறிப் போய் அந்தப் பக்கத்தில் உட்காருகிறார்கள். அசரியாவின் வேண்டுகோளை இப்போது கெமர் மொழி பேசும் கம்போடியச் சபைகள் நம்மிடம் வைப்பதாக எண்ணிக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படி: அழைப்பது யார் என்று பாருங்கள்

உள்ளத்தில் அழைப்பு உண்டாவது ஒன்று. அந்த ஊரில் உள்ள சபையோ நிறுவனமோ உங்களை அழைப்பது வேறொன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். அழைப்புக் கடிதம் கம்போடியாவில் பதிவுபெற்ற அமைப்பிடமிருந்து வர வேண்டும். அதில் நீங்கள் செய்யப்போகும் வேலை, தங்குமிடம், பொறுப்பாளர், கால அளவு ஆகிய நான்கும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். “வாருங்கள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று மட்டும் எழுதுகிற அமைப்புக்கு உங்கள் உழைப்பு தேவைப்படவில்லை. உங்களுடைய வருகையும் காணிக்கையும்தான் தேவைப்படுகின்றன.

இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை வாங்கித் தருவதாக நம்ப வைத்து இந்திய இளைஞர்களைக் கம்போடியாவுக்கு வரவழைத்து, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்வாறு சிக்கியவர்களில் ஏறத்தாழ 250 பேரை மீட்டுத் தாயகம் அனுப்பியதாக 2024 மார்ச்சில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எனவே அழைக்கும் அமைப்பு உண்மையானதா என்பதை அங்கே முன்பு சென்றுவந்த ஒருவரிடமாவது நேரில் பேசி உறுதிசெய்யுங்கள். கம்போடியாவுக்குத் தனியாகச் செல்லும் இருபத்திரண்டு வயது இளைஞரைக் குடியேற்ற அதிகாரி நிறுத்தி விசாரித்தால் வருத்தப்பட வேண்டாம். அவர் தம் கடமையைச் செய்கிறார். அழைப்புக் கடிதத்தின் நகலையும் திரும்பிவரும் பயணச்சீட்டையும் கைப்பையில் வைத்திருங்கள்.

அடுத்து, வேலையைப் பற்றிக் கேளுங்கள். நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்வி: இந்த வேலையைச் செய்ய அந்த ஊரிலேயே ஆள் இருக்கிறாரா? சுவருக்கு வர்ணம் பூச ஐந்து பேர் கடல் தாண்டிப் போவதற்கு ஆகும் செலவில், அந்த ஊர்க் கொத்தனாருக்கும் வர்ணம் பூசுபவருக்கும் பல மாதங்கள் கூலி கொடுத்துவிடலாம். நல்ல எண்ணத்துடன் செய்கிற வேலை தீங்காக முடியும் என்பதற்குக் கம்போடியாவின் கிணறுகளே சாட்சி. மேக்கொங் ஆற்றை ஒட்டிய கண்டால் முதலான மாகாணங்களில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இயற்கையாகவே கலந்திருக்கிறது. அதைப் பரிசோதிக்காமல் குழாய்க் கிணறு தோண்டிக் கொடுத்தால், குளத்துநீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்றிய குடும்பத்தையே ஆண்டுக்கணக்கில் மெல்லக் கொல்லும் நீரைக் குடிக்க வைத்தவர்களாவோம். ஆகவே தண்ணீர்த் திட்டத்தில் சேர்வதாக இருந்தால், பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

மருத்துவ ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரம்பு சொல்கிறேன். இந்தியாவில் எதைச் செய்ய உங்களுக்குச் சட்டப்படி தகுதி இல்லையோ, அதை அங்கேயும் செய்யாதீர்கள். செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி இங்கே தனியாக ஊசி போட மாட்டார்; கம்போங் தோம் மாகாணத்துக் கிராமத்தில் போடுவதற்கு மட்டும் என்ன நியாயம் இருக்கிறது? உகாண்டாவின் ஜிஞ்ஜா நகரில், மருத்துவப் பயிற்சி பெறாத ஓர் அமெரிக்க இளம்பெண் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கென மையம் நடத்தி, குழந்தைகளை இழந்த தாய்மாரால் 2019இல் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டதை இந்தத் துறையில் இருக்கும் எவரும் மறக்கக் கூடாது.

இரண்டாம் படி: ஆவணங்கள்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். கம்போடியாவுக்கு ‘டி’ எனப்படும் சுற்றுலா விசா, ‘இ’ எனப்படும் பொது விசா என்று இரண்டு வகை பரவலாக வழங்கப்படுகின்றன. இரண்டுக்கும் முதலில் கிடைப்பது 30 நாள். கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் சுற்றுலா விசாவே போதும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சுற்றுலா விசாவை ஒரு முறை, ஒரு மாதத்துக்கு மட்டுமே நீட்டிக்க முடியும். பொது விசாவை அங்கே சென்றபின் மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டித்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது, சுற்றுலாப் பயணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்பறையில் நின்று பாடம் நடத்துவது பொய். ஊழியத்தின் முதல் கையெழுத்தே பொய்யாக இருக்க வேண்டாம். ஊதியம் வாங்காத தன்னார்வலரிடமும் பணி அனுமதி அட்டை கேட்கப்படலாம். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது உங்களை அழைத்த அமைப்பு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பயணச்சீட்டு வாங்குமுன் தூதரகத்தின் அறிவிப்பை மீண்டும் ஒரு முறை பாருங்கள். 2025 ஜூலையில் தாய்லாந்து எல்லையில் சண்டை மூண்டதை நினைவில் வைத்து, எல்லை மாகாணங்களின் நிலவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காவல்துறைச் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் பெற்றுவிடுங்கள். குழந்தைகளிடையே வேலை செய்ய வருபவரிடம் இதைக் கேட்காத அமைப்பு என்றால், அந்த அமைப்பைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

மூன்றாம் படி: உடம்பும் பணமும்

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பயண மருத்துவம் அறிந்த மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு, கல்லீரல் அழற்சி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் பற்றி அவர் சொல்வார். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசியைப் பலர் தேவையில்லை என்று ஒதுக்குகிறார்கள். கிராமத்தில் தங்குகிறவர் அவ்வாறு ஒதுக்கக் கூடாது. கடிபட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே சிகிச்சைக்குப் போக வேண்டும். தலைநகர் ப்னோம் பென்னிலுள்ள பாஸ்ச்சர் (Pasteur) மருத்துவ ஆய்வு நிறுவனம் இதற்குப் பெயர்பெற்றது. மழைக்காலமான மே முதல் அக்டோபர் வரை டெங்கு பரவும். காய்ச்சல் கண்டவுடன் ஆஸ்பிரினோ புரூபனோ விழுங்காமல், பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு இரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

ஆனால் நோயைவிட நான் அஞ்சுவது மோட்டார் சைக்கிளை. தலைக்கவசமின்றி மூன்று பேராக ஏறிப் போவது அங்கேயும் நம் ஊரைப் போலவே சர்வசாதாரணம். பயணக் காப்பீட்டில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். உரிமமின்றி ஓட்டினால் இழப்பீடு இல்லை என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். பலத்த காயம் பட்டால் பாங்காக் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவையும் காப்பீடு ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டம்பாங், பைலின் போன்ற வடமேற்குப் பகுதிகளுக்குப் போகிறவர்களுக்கு மேலும் ஒன்று: போர்க்காலத்துக் கண்ணிவெடிகள் இன்னும் முழுவதுமாக அகற்றப்படவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். பலகை இல்லாவிட்டாலும், ஊரார் நடக்கிற தடத்தை விட்டு விலகாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, திருநெல்வேலிச் சபைகளில் நம் பாட்டிமார் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை மிஷனெரி ஊழியத்துக்கென்று தனிப் பானையில் எடுத்துவைத்த வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணச்சீட்டில் அந்தக் கைப்பிடி அரிசியின் வாரிசுகள் கொடுத்த காணிக்கையும் இருக்கும். ஆகவே டிக்கெட், விசா, காப்பீடு, தங்குமிடம், மொழி ஆசிரியருக்குச் சம்பளம், அவசரத் தேவைக்கு ஒரு தொகை என்று பிரித்து எழுதி, சபையின் முன் வெளிப்படையாக வையுங்கள். மொழி ஆசிரியரின் சம்பளத்தைத்தான் எல்லாரும் முதலில் வெட்டுகிறார்கள். அதை வெட்டவே கூடாது. சபை அறக்கட்டளையின் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிடுவதற்கு வருமான வரி விதிகளில் கட்டுப்பாடுகள் இருப்பதால், ஆடிட்டரைக் கேட்காமல் எந்தத் தொகையையும் அனுப்ப வேண்டாம்.

கையில் கொண்டுபோகும் டாலர் தாள்கள் புதிதாக இருக்க வேண்டும். கம்போடியாவில் டாலரும் ரியலும் சேர்ந்தே புழங்குகின்றன. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியல். ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்த டாலரைக்கூடக் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் பிள்ளை ஒருத்தி முதல் வாரம் முழுவதும் ஒரே இருபது டாலர் தாளை எட்டுக் கடைகளில் நீட்டிவிட்டு, கடைசியில் அதை வேதாகமத்துக்குள் அடையாளத் தாளாக வைத்துக்கொண்டே ஊர் திரும்பினாள்.

நான்காம் படி: மொழியும் மரியாதையும்

இந்தப் பகுதியில் தமிழருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது; அதை அறியாமலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. மொழிக்குடும்பம் வேறென்றாலும், வடமொழியும் பாலியும் அங்கேயும் புகுந்திருப்பதால் பல சொற்கள் காதுக்குப் பழக்கமானவை. பள்ளிக்குச் ‘சாலா’ என்கிறார்கள்; நம் பாடசாலையில் இருக்கும் சாலைதான் அது. ஆசிரியர் ‘க்ரூ’, அதாவது குரு. எண்களில் ஐந்துக்கு மேல் ‘ஐந்து ஒன்று’, ‘ஐந்து இரண்டு’ என்று கூட்டிச் சொல்கிற முறை முதலில் குழப்பும், ஒரு வாரத்தில் பிடிபடும்.

எழுத்தைவிட நெருக்கமானது உறவுமுறை. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது அங்கே மரியாதைக் குறைவு. சற்று மூத்தவர் ஆணோ பெண்ணோ ‘போங்’, இளையவர் ‘ஓன்’. பெற்றோரைவிட மூத்தவர் ‘ஓம்’, இளையவரானால் ஆண் ‘பூ’, பெண் ‘மிங்’. பெரியப்பா, சித்தப்பா, சித்தி என்று வயதுப்படி பிரித்தறிந்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆங்கிலம் பேசிப் பழகிய வேற்று நாட்டு இளைஞர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கும்போது, காய்கறி விற்கும் அம்மாளை ‘மிங்’ என்று அழைத்துவிட்டால், அவருடைய முகம் மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

கைகூப்பி வணங்குவதை ‘சம்பியா’ என்பர். ஒத்த வயதினருக்கு மார்பளவில், மூத்தவருக்கு வாயளவில், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்களவில், அரசருக்கும் புத்த பிக்குகளுக்கும் புருவத்தளவில் என்று கை உயரும். யாருடைய தலையையும், குழந்தையின் தலையையும்கூடத் தொடாதீர்கள். ஜெபிக்கும்போது தலைமேல் கை வைக்கும் நம் வழக்கத்தை, உள்ளூர்ப் போதகர் செய்வதைப் பார்த்தறியும்வரை நிறுத்தி வையுங்கள். காலை நீட்டி ஒருவரை நோக்கி உட்காராதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடவோ, அவர்கள் கையில் நேரடியாகப் பொருள் கொடுக்கவோ கூடாது.

சாப்பாட்டில், மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்த ‘ப்ரஹொக்’ உங்களைச் சோதிக்கும். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவர்கள் தேறிவிடுவார்கள். மற்றவர்கள் லூக்கா பத்தாம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். இயேசு எழுபது பேரை அனுப்பியபோது, முன்னால் வைப்பதைப் புசியுங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காலையில் கிடைக்கும் ‘போபோ’ நம் கஞ்சியேதான் என்பதால், வயிறு சரியில்லாத நாளில் அதுவே கைகொடுக்கும். ஊறுகாய்ப் பாட்டிலை மறைத்து வைத்துச் சாப்பிடாமல் எல்லாருக்கும் நடுவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: சென்று சேர்ந்த முதல் மாதம்

முதல் மாதத்தில் எதையும் தொடங்காதீர்கள். காலையில் மொழி வகுப்பு, மாலையில் தங்கியிருக்கும் வீட்டாரோடு சந்தை, ஞாயிறன்று சபையில் பின்வரிசை, இவ்வளவு போதும். அந்தச் சபையின் வரலாற்றைக் கேட்டறியுங்கள். புரொட்டஸ்டண்ட் மிஷனெரிகள் கம்போடியாவுக்கு வந்தது 1923இல். முழு வேதாகமம் கெமர் மொழியில் வெளியானது 1954இல். 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஏறத்தாழ பதினேழு லட்சம் மக்கள் மாண்டார்கள். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது நாட்டைவிட்டு ஓடினார்கள். எஞ்சியவர்கள் தாய்லாந்து எல்லை அகதி முகாம்களிலும் மறைவான வீட்டுக் கூடுகைகளிலும் கட்டியெழுப்பிய சபை அது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயது மூதாட்டியிடம், விசுவாசத்தில் உறுதியாயிருங்கள் என்று இருபது வயதில் பிரசங்கிக்க எழும்புமுன் சற்று யோசியுங்கள்.

அந்த நாட்டின் சட்டத்தையும் இந்த மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கம்போடியாவின் அரசு மதம் பௌத்தம். வீடுவீடாகச் சென்று மதம் பரப்புவதை மத அலுவல்கள் அமைச்சகம் 2007இல் வெளியிட்ட உத்தரவு தடைசெய்கிறது. பௌத்தமல்லாத மதங்களின் பிரசுரங்களை அவரவர் வழிபாட்டு வளாகத்துக்குள் மட்டுமே வழங்கலாம். பணமோ பொருளோ காட்டி மதம் மாறச் சொல்வது குற்றம். அரிசி மூட்டையையும் துண்டுப்பிரதியையும் ஒரே கையால் கொடுக்கிற பழக்கம் எங்கும் தவறு. அங்கே சட்டப்படியும் தவறு. நீங்கள் ஆறு மாதத்தில் திரும்பிவிடுவீர்கள். உங்கள் அவசரத்துக்கு அதிகாரியின் முன் பதில் சொல்லி நிற்கப்போகிறவர் உள்ளூர்ப் போதகர்.

ஆறாம் படி: குழந்தைகளிடையே வேலை

வாலிபர்கள் அதிகம் விரும்பிக் கேட்பதும், நான் அதிகம் மறுப்பதும் அனாதை இல்ல ஊழியத்தைத்தான். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு பெருகியது. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இல்லாததால் பெருகிய இல்லங்கள் அல்ல அவை. வெளிநாட்டு விருந்தினரும் அவர்கள் கொண்டுவரும் பணமும் அவற்றின் பெருக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அன்பாகக் கட்டியணைத்துவிட்டு மூன்று மாதத்தில் விடைபெறும் ‘அக்கா’மாரும் ‘அண்ணன்’மாரும் வரிசையாக வந்துபோகிற வீட்டில் வளரும் பிள்ளைக்கு, யாரையும் நம்பாமலிருக்க நாமே கற்றுக்கொடுத்தவர்களாகிறோம். குடும்பத்தோடு வாழும் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம், விளையாட்டுப் பயிற்சி, உள்ளூர் ஞாயிறுபள்ளி ஆசிரியருக்கு உதவி என்று கேட்டுப் பெறுங்கள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள்.

படம் எடுப்பதைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் நான் தங்கிப் படித்த விடுதிக்கு ஆண்டுக்கொரு முறை வெளிநாட்டு விருந்தினர் வருவார்கள். அன்று எங்களுக்குத் துவைத்த சட்டை கொடுக்க மாட்டார்கள். பழைய சட்டையையே போடச் சொல்வார்கள். வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு பென்சில் பெட்டி கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள்; அவர்களின் கார் வாசலைத் தாண்டியதும் பாதிப் பெட்டிகள் அலமாரிக்குத் திரும்பிவிடும். என் தகப்பனார் உயிரோடு இருந்தார், மாதம் ஒரு முறை என்னைப் பார்க்கவும் வருவார். அந்தப் படத்தின் கீழே என்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் கைபேசியை உயர்த்துமுன் பெற்றோரிடம் கேளுங்கள். பெயர், பள்ளி, ஊர் மூன்றையும் சேர்த்து எங்கும் வெளியிடாதீர்கள். அந்தத் தாய் உங்கள் ஜெபக் கடிதத்தைத் தன் மொழியில் வாசித்தால் தலைநிமிர்ந்து இருப்பாளா என்று பார்த்து எழுதுங்கள்.

ஏழாம் படி: சோர்வும் திரும்புதலும்

இரண்டாம் மாதத்தின் நடுவில் சோர்வு வரும். மழை, புரியாத மொழி, வேலை குறைவு, வீட்டு நினைவு எல்லாம் ஒரே வாரத்தில் கூடிவிடும். அதை விசுவாசக் குறைவு என்று நினைத்து மறைக்க வேண்டாம். வாரம் ஒரு முறை பேசுவதற்குச் சபையில் ஒருவரை முன்பே நியமித்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் பெற்றோராக இல்லாதிருப்பது நல்லது, ஏனென்றால் பெற்றோரிடம் யாரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. பொறுப்பாளரே துன்புறுத்தினால் புகார் சொல்ல வேண்டிய இடம் எது என்பதையும் புறப்படுமுன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, நீங்கள் செய்துவந்த ஒவ்வொரு வேலையையும் உள்ளூரில் யார் தொடரப்போகிறார் என்று பெயர் குறித்து ஒப்படையுங்கள். பெயர் எழுத முடியாத வேலை எதுவும் இருந்தால், அதைத் தொடங்கியிருக்கவே கூடாது. அறிக்கையை முதலில் அங்குள்ள போதகருக்கு வாசித்துக் காட்டி, அவர் திருத்தியபின் நம் சபையில் சாட்சி சொல்லுங்கள். எங்கள் பிள்ளை ஒருவன் “நாற்பது பேருக்கு ஆங்கிலம் கற்பித்தேன்” என்று எழுதியிருந்ததைப் போதகர் அடித்துவிட்டு, “நாற்பது பேர் இவனுக்குக் கெமர் கற்பித்தார்கள்” என்று எழுதினார். சபையில் அவன் அதை அப்படியே வாசித்தான்.

ஊர் வந்தபின் தொடர்பை விட்டுவிடாதீர்கள். கெமர் புத்தாண்டு ஏப்ரல் நடுவில், நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வருகிறது, மறப்பதற்கு வழியில்லை. அன்று காலை நீங்கள் தங்கியிருந்த வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, ‘மிங்’ எடுத்ததும் “சூஸ்தெய் ச்னாம் த்மெய்” என்று வாழ்த்துச் சொல்லிவிட்டு, அவர் வேகமாகப் பேசுவதில் பாதி புரியாவிட்டாலும் அழைப்பைத் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.